மோரிஸ் மைனரின் முன் சீட்டைக் கழற்றுவதற்கு முன்: சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி சீட்டின் படம் ஒன்றைப் போட்டுக் கேட்டிருப்பது இதுதான். தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தபோது வாங்கிய 1964 மோரிஸ் மைனர் கார், இரண்டு கதவு வண்டி, பத்து வருடமாக மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. முன் சீட் இரண்டையும் கழற்றி ஈப்போவில் ஒரு குஷன் கடையில் கொடுத்துப் புதுப்பிக்க ஆசை. டிரைவர் பக்கம் இரண்டு போல்ட் அசையவே இல்லை. கிரைண்டர் போட்டுத் தலையை அறுத்துவிடலாமா, தனியாளாகச் செய்யலாமா, பழைய சீட்டுக்குப் பதில் கஞ்சில் என்ற சின்னக் காரின் சீட் போட்டுக்கொள்ளலாமா என்று மூன்று கேள்வி. மூன்றுமே சீட்டைப் பற்றியவைதான். ஆனால் நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதைத் தம்பி கேட்கவில்லை: அந்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் தரை எந்த நிலையில் இருக்கிறது? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

நானும் சுங்கை சிப்புட்காரன்தான். 16 வயதில் பட்டணத்து வெர்க்‌ஷாப் ஒன்றில் கையாளாகச் சேர்ந்து, பிறகு போர்மனாகி, 38 வருடம் இதே வேலை. நான் சேர்ந்த காலத்தில் தோட்டத்துக் கிராணி, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரேசர், வாத்தியார் என்று பலரிடம் மைனர் இருந்தது. அதனால் இந்த வண்டியின் அடிவயிறு எனக்கு நன்றாகவே பழக்கம்.

சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரேசர் ஒருவருடைய மைனர் வந்தது. கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். மைனரில் கியர்பாக்ஸ் மேல்மூடி காருக்குள் தரையோடு இஸ்க்ரூ போட்டுப் பிடித்திருக்கும், அதனால் முதலில் சீட், பிறகு கம்பளம், பிறகு மூடி என்று உள்ளிருந்து கழற்றிக்கொண்டு போவோம். சீட் போல்ட் ஒன்று இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் பிடியில் மூன்றடித் தண்ணீர்க் குழாயை மாட்டி முழு பலத்தோடு இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். போல்ட் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, ஒரு நூல்கூட மேலே வரவில்லை. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் நட் பற்றவைத்திருந்த இடத்தோடு சேர்ந்து தகரம் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து எழும்பியிருந்தது. கிழிசல் வழியாக வெர்க்‌ஷாப்பின் சிமெண்டுத் தரை தெரிந்தது. அந்த மனிதருக்கு ஒரு நாள் வேலை என்று சொல்லியிருந்தோம், இரண்டு வாரம் ஆனது. இறுகிய போல்ட் என்றால் எனக்கு இன்றும் அந்தக் கிழிசல்தான் கண்முன் வருகிறது.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: இப்போதைக்கு கிரைண்டர் வேண்டாம். காரணம் இருக்கிறது. தம்பி போட்ட படத்தில் சீட்டின் முன்விளிம்பில் இரண்டு பிராக்கெட் தரையோடு போல்ட் போட்டிருக்கின்றன, பின்விளிம்பு சும்மா தரைமேல் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஆள் ஏற சீட் முழுதும் முன்பக்கமாகக் கவிழும் அமைப்பு அது. எல்லாப் பிடிமானமும் முன்னால் இருக்கும் அந்த போல்ட்களில்தான். தலையை அறுத்தால் சீட் வந்துவிடும், உண்மை. ஆனால் மீதித் தண்டு நட்டிலேயே துருவோடு நிற்கும், பிறகு அதைத் துளைத்து எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் தீ. பழைய கம்பளத்துக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் என்ற தடித்த துணி காய்ந்த பஞ்சு மாதிரி. கிரைண்டர் பொறி அதற்குள் விழுந்தால் உடனே தெரியாது, அரை மணி நேரம் கழித்துப் புகையும். பத்து வருடம் நின்ற வண்டியில் பெட்ரோல் குழாய் எந்த நிலையில் இருக்கிறதோ.

இறுகிய போல்ட்டுக்கு மேலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டிருப்பது பலரும் செய்யும் தவறு. மேலே அடித்த எண்ணெய் போல்ட் தலைக்கும் வாஷருக்கும் நடுவிலேயே நின்றுவிடும். துரு பிடித்திருப்பது அடியில், தார்ச்சாலைத் தண்ணீரை வருடக்கணக்கில் வாங்கிய நட்டில். அங்கே போக வேண்டும். வண்டியை உயர்த்தி, இரும்பு ஸ்டாண்டில் நிற்கவைத்து, ஜேக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாமல், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனையைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். பிறகு அந்த முனையில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். கடையில் விற்கும் பெனட்ரேட்டிங் ஆயில் போதும். அது கிடைக்காவிட்டால் ஆட்டோ கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து விடலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ கூடாது. மூன்று நாள், காலை ஒருமுறை மாலை ஒருமுறை. அவசரப்பட்டால் தகரம்தான் கிழியும். மூன்றாம் நாள் ஸ்பேனரை மாட்டி, முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். துருவின் பிடி உடைவது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான். பிறகு கால் சுற்று கழற்று, எண்ணெய், திரும்ப இறுக்கு, மறுபடி கழற்று. போல்ட் கிறீச்சிட்டுக்கொண்டே வரும். சத்தம் வரும்வரை நல்லது. சத்தமே இல்லாமல் இளகிச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள், நட் தகரத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது அடியில் ஒருவர் கிரிப் பிளையரால் நட்டைப் பிடிக்க வேண்டும். தனியாகச் செய்யலாமா என்ற கேள்விக்கு இதுவே பதில்: கழற்றும் நாளில் இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும்.

ஸ்பேனர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி போல்ட்கள் கெடுவது அங்கேதான். தம்பி 13 நம்பர் ஸ்பேனர் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது ஆங்கிலேயர் வண்டி, எல்லாம் இஞ்சுக் கணக்கு. அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர். 13 நம்பர் அதில் உட்காரும், பொருந்துவதுபோலவே இருக்கும். ஆனால் அந்த 0.3 மில்லி இடைவெளி போதும், இறுகிய போல்ட்டில் பலம் கொடுத்தவுடன் மூலைகள் உருண்டுவிடும். ஏஎப் என்று போட்ட இஞ்சு சாக்கெட், அதுவும் ஆறு முனை சாக்கெட், வாங்கிக்கொள்ளுங்கள். 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் இந்தக் காரின் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

அதே கணக்கு திரும்பப் போடும்போதும் வரும். 5/16 இஞ்சு போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர். நம் ஊர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எம்8-ஐ வைத்துத் திருப்பினால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்கினால் நட்டின் மரை நாசமாகிவிடும். இஞ்சு போல்ட்டில் ஓர் இஞ்சு நீளத்துக்கு 24 மரை, எம்8-இல் மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர், இரண்டும் சேரவே சேராது. உங்கள் போல்ட் 5/16-ஆ 1/4-ஆ என்பதைக் கழற்றியதை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இந்தக் கார் பலர் கை பட்டது, நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம். புதிதாக வாங்கும் இஞ்சு போல்ட்டின் தலையில் மூன்று கோடு இருக்கிறதா என்று பாருங்கள், அது சாதாரண இரும்பைவிட உறுதியான ரகம். கழற்றிய ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி மைலோ டின்னில் போட்டு வையுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் பேட்டரி. பத்து வருடம் நின்ற வண்டியில் பேட்டரி செத்திருக்கும், புதிது போட்டிருந்தால் மட்டும் இதைக் கவனியுங்கள். மைனர் தொழிற்சாலையை விட்டு வரும்போது பாஸிட்டிவ் பக்கம்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். இப்போதைய வண்டிப் பழக்கத்தில் எல்லாரும் முதலில் நெகட்டிவைக் கழற்றுவார்கள். மாற்றப்படாத மைனரில் அதுதான் மின்சாரம் ஓடும் பக்கம், ஸ்பேனர் பாடியைத் தொட்டால் பொறி பறக்கும். எந்தக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து, அதை முதலில் கழற்றுங்கள். கம்பளத்துக்கு அடியிலும் கவனம் வேண்டும். லைட்டை உயர்த்தித் தாழ்த்தும் சுவிட்ச் காலால் மிதிப்பது, அதன் ஒயர் தரையில்தான் ஓடும். டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் அதற்கான மூடி தெரியும். அதன் எண்ணெய் சிந்தினால் பெயிண்ட்டைத் தின்றுவிடும், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஹேண்ட்பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில், அதை நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

சீட்டைத் தூக்குவதற்கு முன் எலி. கொட்டகையில் பத்து வருடம் நின்ற காரின் சீட்டுக்குள் எலி குடித்தனம் செய்யாமல் இருப்பது அபூர்வம். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் விளையாட்டுக் காரியம் இல்லை. கையில் புண்ணோ கீறலோ இருந்தால் அதன் வழியாகவே ஏறும். ரப்பர் கையுறை, முகமூடி போடுங்கள். துடைப்பத்தால் உலர்ந்தபடி கூட்டாதீர்கள், தூசி மூக்கில் போகும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்து எடுங்கள். கழற்றும்போது கையில் வெட்டுப்பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் இந்த எலி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் இரும்புச் சட்டத்தில் ஒரு ரப்பர் விரிப்பு கொக்கிகளால் இழுத்து மாட்டியிருக்கும், உட்காருபவரின் எடையைத் தாங்குவது அதுதான். எண்ணெய் அடிக்கும்போது அதில் படாமல் பாருங்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்ததே: இயற்கை ரப்பர் தண்ணீரைத் தாங்கும், வெயிலை ஓரளவு தாங்கும், எண்ணெயைத் தாங்காது, ஊறிப்போய்ப் பிசுபிசுக்கும். நமக்குப் பக்கத்திலேயே கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. அந்த மரங்களின் பால் எத்தனையோ ஊர்க் கார் சீட்டுகளுக்குள் போயிருக்கும் என்று வேலை செய்யும்போது நான் நினைத்துக்கொள்வதுண்டு. விரிப்பு வெடித்திருந்தால் புதிது கிடைக்கிறது, குஷன் கடைக்காரர் அதற்குப் பதிலாகப் பிளைவுட் பலகை அடித்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதுகுக்கும் நல்லதில்லை, உட்காரும் உயரமும் மாறிவிடும். பழைய உறையை எறிய வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தையல் பிரித்து அதையே அளவாக வைத்து வெட்டினால்தான் ஓரத்துப் பைப்பிங் சரியாக உட்காரும்.

இப்போது தரை. சீட் வெளியே வந்த பிறகு கம்பளத்தையும் அடியிலிருக்கும் துணியையும் முழுவதும் எடுத்துவிடுங்கள். நம் ஊரில் மழை மதியத்துக்கு மேல் தினமும் வரும் காலம் உண்டு. கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகிய தண்ணீர் அந்தத் துணியில் தேங்கி மாதக்கணக்கில் காயாது. மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியே எலும்பு. 1948-இல் வந்த நாளிலிருந்து முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்வது இரண்டு நீளமான முறுக்குக் கம்பிகள். அவை முன்சக்கரத்திலிருந்து பின்னோக்கி ஓடி, முன் சீட்டுக்குக் கீழே காரின் குறுக்கே போகும் ஒரு பெட்டி இரும்பில் முடிகின்றன. அதாவது நீங்கள் உட்காரும் இடத்துக்கு அடியில்தான் காரின் முன்பாரம் முழுதும் கட்டிவைத்திருக்கிறது. அந்தக் குறுக்கு இரும்பு துருப்பிடித்தால் கார் முடிந்தது. ஜேக் வைக்கும் ஓட்டையும் அதன் நுனியில்தான், எனவே வண்டியைத் தூக்கும் முன்பே அந்த நுனியைச் சோதியுங்கள், மெல்லிசாக இருந்தால் அங்கே ஜேக் வைக்காதீர்கள்.

அடியில் படுத்திருக்கும்போது அந்த முறுக்குக் கம்பிகளின் பின்முனையில் நட்டும் போல்ட்டும் தெரியும். சீட் போல்ட்டின் நட்டைத் தேடும் அவசரத்தில் அவற்றைத் தொட்டுவிடாதீர்கள். அந்தக் கம்பி முறுக்கேறிய நிலையில் இருக்கிறது, தெரியாமல் இளக்கினால் அதன் விசை முழுதும் ஒரே நொடியில் விடுபடும். எது எதன் நட் என்று ஒரு சந்தேகம் இருந்தாலும், மேலிருந்து ஒருவர் சீட் போல்ட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்ட, கீழே விரல் வைத்து அதிர்வு எங்கே வருகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் போல்ட்.

படத்தில் தரை நன்றாகக் கறுப்பாக, பளபளவென்று இருக்கிறது. அதை வைத்து எதுவும் சொல்ல என்னால் முடியாது. தார் பூசிய தரை எப்போதும் அழகாகத்தான் இருக்கும், துரு தாருக்குப் பின்னால் நடக்கும். மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிராக்கெட் ஓரம், குறுக்கு இரும்பு, கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு என்று விரல் அகலத்துக்கு ஒருமுறை குத்திக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு டிங் என்று சத்தம் கொடுக்கும், கெட்டது தப் என்று மந்தமாக வரும் அல்லது ஓட்டையாகும். ஓட்டை விழுந்தால் மனம் தளர வேண்டாம், ஓட்டை ஏற்கெனவே இருந்தது, நீங்கள் கண்டுபிடித்தீர்கள், அவ்வளவுதான். தரைத்தகரம் மட்டும் என்றால் கெட்டதை வெட்டி எடுத்து 18 கேஜ் தகரம் பற்றவைப்பது எந்த நல்ல வெல்டரும் செய்யும் வேலை. கெட்ட தகரத்தின் மேலேயே புதுத்தகரம் ஒட்டச் சொல்லாதீர்கள், நடுவில் தண்ணீர் நின்று இரண்டையும் தின்றுவிடும். குறுக்கு இரும்பும் கதவு விளிம்பும் சேர்ந்து கெட்டிருந்தால் அது வீட்டுக் கொட்டகை வேலை இல்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் வெட்டினால் பாடி தொய்ந்து கதவு மூடாது. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக்குழாய் பற்றவைத்து நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அப்போது பழைய மைனர் செய்து பழகிய ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

கஞ்சில் சீட் கேள்வி. ஏன் கேட்கிறீர்கள் என்று புரிகிறது, மலிவாகக் கிடைக்கும், தலைக்குச் சாய்மானம் இருக்கும். போட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கஞ்சில் சீட் தண்டவாளத்தில் ஓடுவது, நான்கு மூலையிலும் பிடிமானம் கேட்கும். மைனரின் தரை அந்த இடங்களில் வெறும் தகரம். அங்கே இரும்பு பற்றவைத்து சீட்டை மாட்டினால் சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. மோதலில் ஆளின் எடையோடு சீட் பிடுங்கிக்கொண்டு வருமா வராதா என்பது அந்த வெல்டிங்கைப் பொறுத்தது, அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு கதவு வண்டியில் பின்னால் ஆள் ஏறவும் சிரமம். என் கருத்து, தாத்தாவின் சீட்டையே புதுப்பியுங்கள். அப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், வெட்டுவதற்கு முன்பே ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. சீட் குஷன் கடையில் இருக்கும் நாட்களில் பெட்டியையோ பிளாஸ்டிக் ஸ்டூலையோ போட்டு உட்கார்ந்து வண்டியைத் தெருமுனை வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். நகர்த்த வேண்டுமானால் தள்ளுங்கள், மைனரை இரண்டு பேர் சுலபமாகத் தள்ளலாம்.

திரும்ப மாட்டும்போது பிராக்கெட்டுக்கு அடியில் அகலமான வாஷர், மரையில் கொஞ்சம் கிரீஸ். எல்லா போல்ட்டையும் கையால் உள்ளே ஓட்டிவிட்ட பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள், ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஓட்டை நேர்படாது. ஒரு மாதம் ஓட்டிய பிறகு மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

அடுத்த படம் போடும்போது அடிப்பக்கத்தை எடுங்கள், தாரைச் சுரண்டிய பிறகு. குறுக்கு இரும்பின் இரண்டு நுனியும், டிரைவர் பக்கம் அசையாத அந்த இரண்டு போல்ட்டின் கீழ்முனையும் தெரிய வேண்டும். அளவு புரிவதற்குப் பக்கத்தில் ஒரு 20 சென் காசை வைத்து எடுங்கள். பார்த்துவிட்டு, கொட்டகையிலேயே செய்யலாமா வெல்டரைக் கூப்பிட வேண்டுமா என்று சொல்கிறேன்.